வெளிநாட்டு அமைப்புகளோடு கூட்டுச் சேர்வதால் இயற்கைப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற போட்டோவைப் பார்த்து அதை எடை போடாதீர்கள். எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்), வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் கிட்டத்தில்தான், அதனால் பறவைகளை வைத்தே சொல்கிறேன்.

கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் மழை பெய்து தண்ணீர் நின்றால் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை, பல வருடமாக இப்படித்தான். இதற்கு எந்த நாட்டு ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. சரி, அப்புறம் எதற்குக் கூட்டு? நீலச்சிறகி மாதிரி வாத்துகள் ரஷ்யா பக்கமிருந்து நம் நாட்டுக் குளங்களுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. நாம் என்னதான் காத்தாலும் வழியில் யாராவது சுட்டால் போச்சு.

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்கு நடந்தது அதுதான். 1981-ல் ராம்சார் பட்டியல் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்), 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று எல்லாப் பெருமையும் கிடைத்த இடம். ஆனாலும் அங்கே வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியில் வேட்டையாடப்பட்டுக் குறைந்துகொண்டே போயின. 1993-ல் இவற்றைக் காக்க நாடுகள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டபோது, இங்கே வரும் கொக்குகளில் விரல் விட்டு எண்ணுமளவுக்கே மிச்சம். 2002-க்கு அப்புறம் பரத்பூருக்கு ஒன்றுகூட வரவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

நாகாலாந்தில் நேர்மாறாக நடந்தது. 2012-ல் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலை கட்டி ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், படங்கள் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. ஊர்ச் சபைகள் தடை போட்டன, மறுவருடமே வேட்டை நின்றது. அதே 2013-ல் இந்திய வனவிலங்கு நிறுவனமும் ஹங்கேரிப் பறவை ஆய்வாளர்களும் சேர்ந்து மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று அந்த மண்ணின் பெயரையே வைத்தார்கள். தங்கள் பெயர் தாங்கிய பறவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததை அந்த மக்களே தெரிந்துகொண்டார்கள். என்னைக் கேட்டால் கூட்டு என்றால் இதுதான்: வெளியாள் கருவியும் அறிவும் கொண்டுவர வேண்டும், காவல் ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று உண்டு, கணக்கெடுப்பு. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-லிருந்து நடக்கிறது. கண்மாய்க் கரையில் விடிகாலையில் தொலைநோக்கியோடு நின்று, கூட்டத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, மொத்தக் கூட்டத்தையும் அதே அளவில் வெட்டி வெட்டிக் கணக்குப் போட வேண்டும். இப்படிப் பல நாடுகளில் எழுதிய தாள்களைச் சேர்த்துத்தான் ஓர் இனம் பெருகுகிறதா, அழிகிறதா என்று சொல்ல முடிகிறது. ஓர் இனத்தின் மொத்தப் பறவைகளில் 1 சதவீதம் வழக்கமாக ஒரு நீர்நிலைக்கு வந்தாலே ராம்சார் தகுதிக்கு அது ஒரு காரணமாகும். அந்த 1 சதவீதம் எவ்வளவு என்பது இந்தக் கணக்கு இல்லாமல் யாருக்குத் தெரியும்?

என் கோபம் ஒன்றே ஒன்று. எண்ணிக்கை இங்கிருந்து போகிறது, அறிக்கை ஆங்கிலத்தில் எங்கேயோ வெளியாகிறது. வெடி போடாமல் காத்த ஊருக்கு அதில் ஒரு பக்கமாவது தமிழில் திரும்பி வரவேண்டும். கூட்டு ஒப்பந்தம் எழுதும்போதே அதையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.