கிருஷ்ணகிரி டு புதுச்சேரி, தனியாக சைக்கிளில்: சொந்தக்காரர் வீடுகளை வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வயது 41. தினமும் 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். 21 கியர் வண்டி, வாங்கி 5 வருடம் ஆகிறது. ஆனி மாதக் கடைசியில் புதுச்சேரியில் உள்ள தங்கை வீடு வரை தனியாகப் போக ஆசை. ஊத்தங்கரையில் சித்தப்பா, திருவண்ணாமலையில் நண்பர், செஞ்சியில் மச்சான் வீடு. லாட்ஜ் எடுக்கப் போவதில்லை. எத்தனை நாள் வைக்கலாம்? வண்டியில் எதைச் சரிபார்க்க வேண்டும்? எல்லோருக்கும் கொஞ்சம் மாம்பழம் எடுத்துப் போகலாமா?

பதில்: மாம்பழத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். நான்கு வீட்டுக்கு 2 கிலோ வீதம் என்றாலே 8 கிலோ. உங்கள் மொத்தச் சுமையே அதைத் தாண்டக் கூடாது. கேரியர் குலுக்கலில் செந்தூரா மத்தூர் தாண்டுவதற்குள் கசிய ஆரம்பித்துவிடும். பார்சல் சர்வீஸில் போட்டுவிடுங்கள்.

மொத்தத் தூரம் சுமார் 215 கிலோமீட்டர். ஐந்து நாள் வையுங்கள். முதல் நாள் ஊத்தங்கரை, ஏறக்குறைய 50. இரண்டாம் நாள் சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை, 60-க்குச் சற்று மேல். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் செஞ்சி, சுமார் 40. ஐந்தாம் நாள் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி, சுமார் 70. திருவண்ணாமலையிலிருந்து ஒரே மூச்சில் 110 கிலோமீட்டர் போய்விடலாம் என்று தோன்றும். கால் தாங்கினாலும் காற்று விடாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதலில் உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால், இடையில் ஏற்றங்கள் வந்தாலும் மொத்தத்தில் இறக்கம்தான். ஆனால் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் நண்பகலுக்கு மேல் கடல்காற்று திரும்பி முகத்தில் அடிக்கும். கடைசி 30 கிலோமீட்டரை 11 மணிக்குள் முடிக்க வேண்டுமானால் செஞ்சியில் படுத்து எழுவதுதான் வழி. காலண்டரையும் பாருங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் சைக்கிளோடு நுழைய நினைக்காதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் உருட்டிக்கொண்டுதான் போக முடியும்.

சுமையோடு சராசரி வேகம் மணிக்கு 15 என்று கணக்கு வையுங்கள். விடிந்ததும் கிளம்பினால் ஊத்தங்கரைக்குப் பத்து, பத்தரைக்குப் போய்விடலாம். சித்தப்பாவிடம் மட்டும் "பத்து மணிக்கு வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். "பன்னிரண்டுக்குள்" என்று சொல்லுங்கள். பத்து என்று சொல்லி ஒரு பஞ்சரில் முக்கால் மணி நேரம் போனால், பத்தேகாலுக்கு போன் வரும், பதினொன்றுக்கு பைக்கில் ஆள் தேடி வரும். தினம் இரண்டு முறை, கிளம்பும்போதும் பாதித் தூரத்திலும், இருக்கும் இடத்தை போனில் அனுப்பினால் போதும். ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன் என்பதையும், 2 மணி வரை தகவல் இல்லையென்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

இந்த மாதிரிப் பயணங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் சாலையில் அல்ல, சாப்பாட்டு இலையில். மதியம் பிரியாணி, ராத்திரி கோழிக் குழம்பு, பதினொன்று வரை பேச்சு. மறுநாள் வயிறும் சரியில்லை, தூக்கமும் இல்லை. எனவே கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்த இடம், ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை, காலையில் டிபனுக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சியும் இரண்டு வாழைப்பழமும். கறிச் சாப்பாடு போட்டே தீருவோம் என்றால் மதியத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போப்பா" என்பதற்கு ஒரே பதில், ஓய்வு நாள் எங்கே என்று முன்பே எல்லோருக்கும் சொல்லிவைப்பதுதான்.

வண்டிக்கு வருவோம். 10 நாள் முன்பே ஓவராயிலிங் முடித்துவிடுங்கள். முந்தின நாள் செய்தால் குறை தெரியும்போது நடுவழியில் இருப்பீர்கள். செயினை ஸ்கேலால் அளங்கள். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னிலிருந்து (சிறு ஆணி) 24 கண்ணி தள்ளி உள்ள பின் வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் பின் சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுச் செயின் ஏற்றத்தில் வழுக்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரத்தில் கோட்டம் எடுத்து, எல்லாப் போக்ஸ் கம்பியும் ஒரே இறுக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேரியர் சுமையில் முதலில் அறுவது செயின் பக்கத்துக் கம்பிதான். முதுகுப்பை வேண்டாம், அந்த எடை முழுவதும் சீட்டில் இறங்கி உட்காரும் இடத்தைப் புண்ணாக்கும்.

காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பின் டயரில் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே, முன் டயரில் இன்னும் கொஞ்சம் குறைவாக வையுங்கள். பெட்ரோல் பங்க் காற்றில் கவனம்: சைக்கிள் டியூப் சிறியது, நொடியில் ஏறி வெடிக்கும். இரண்டு மாற்று டியூப், பேட்ச், சொல்யூஷன், பம்ப், டயர் கழற்றும் லிவர், அலன் கீ எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுவதும் துணியால் துடைத்துப் பாருங்கள். கருவேல முள்ளோ, லாரி டயர் கம்பித் துணுக்கோ மாட்டும். அதை எடுக்காமல் போட்டால் புது டியூபும் அடுத்த கிலோமீட்டரில் போகும். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள் அல்ல, காற்றுக் குறைவால் ரிம் கடித்தது. பேட்ச் ஒட்டும்போது தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் காயும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். பேட்ச் பிய்ந்து வருவதெல்லாம் இந்த அவசரத்தால்தான்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் சரியான உயரம்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்தால் உப்புக் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த ஒரு பாட்டிலும் இருக்கட்டும். உப்புப் போட்ட மோரும் நல்லது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

எதிரே வரும் பஸ் முந்திக்கொண்டு உங்கள் பக்கம் வந்தால் தயங்காமல் மண்ணில் இறங்கிவிடுங்கள். திரும்ப ஏறும்போதுதான் விழுவார்கள்: தார் விளிம்பை ஒட்டியே ஓட்டி ஏற முயன்றால் முன் சக்கரம் விளிம்பில் மாட்டி வண்டி சாயும். நின்று, தூக்கி வைத்து, பிறகு ஏறுங்கள். ஹேண்டில்பாரின் வலப்பக்கம் ஒரு கண்ணாடி, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

தினம் 10 கிலோமீட்டர் பழக்கம் இதற்குப் போதாது. நான்கு வாரம் ஒதுக்கி, கடைசிக்கு முந்தின வாரம் முழுச் சுமையோடு தர்மபுரி போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாளே திரும்பி ஓட்டிப் பாருங்கள். போக 45 கிலோமீட்டர் அளவுதான். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதிலேயே போங்கள். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை.

திரும்பும்போது அதே மேல்காற்று எதிரே வரும், சாலையும் ஏறும். சைக்கிளை பார்சலில் போட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். அனுப்பும் முன் காற்றைப் பாதி இறக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலது பெடல் மாதிரியே திருப்பிப் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும்.