கிவ் அப், புட் ஆஃப், பாஸ் அவுட்: பாளையங்கோட்டை ஆங்கில வாத்தியாரிடம் கேள்வி பதில்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

ஆலங்குளம்: அண்ணாச்சி, கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. கிவ் அப் எப்படி ‘விட்டுவிடு’ ஆனது?

நல்ல கேள்வி தம்பி. ‘பெற்ற பிள்ளையே கைவிட்டுவிட்டான்’ என்கிறோம். கையையும் விடுவதையும் தனித்தனியாகப் பார்த்தால் அந்தப் பொருள் கிடைக்குமா? இரண்டும் சேர்ந்து ஒரே வினை. கிவ் அப்பும் அப்படித்தான். ‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார். கிவ் இன் வேறு: பிடிவாதம் பிடித்துப் பார்த்துக் கடைசியில் இணங்கிப் போவது.

அப்புறம், இந்த ‘அப்’ பல இடங்களில் ‘மிச்சமில்லாமல்’ என்ற பொருளைத் தரும். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப். தின்றுவிடு, குடித்துவிடு என்பதில் நம் ‘விடு’ பார்க்கும் வேலை அது. ஆனால் எல்லா அப்புக்கும் இது பொருந்தாது. லுக் அப் என்றால் அகராதியில் தேடிப் பார்ப்பது. மேக் அப் எ ஸ்டோரி என்றால் கதை கட்டுவது. அதனால்தான் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தோடு படியுங்கள் என்கிறேன்.

வள்ளியூர்: டர்ன் ஆஃப் இட் சரியா, டர்ன் இட் ஆஃப் சரியா?

டர்ன் இட் ஆஃப். இட், ஹிம், தெம் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும். ஃபேன் என்று பெயர் சொன்னால் டர்ன் ஆஃப் த ஃபேன், டர்ன் த ஃபேன் ஆஃப் இரண்டும் சரி. லுக் ஆஃப்டர் (கவனித்துக்கொள்) போன்ற சிலவற்றைப் பிரிக்கக் கூடாது. லுக் ஆஃப்டர் ஹிம்.

சங்கரன்கோவில்: நூறு ஃப்ரேசல் வெர்ப் கொண்ட பிடிஎஃப் அனுப்புங்கள் சார்.

அனுப்ப மாட்டேன். ஆலங்குளத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நாங்குநேரி: ரெஸ்யூமில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று போடலாமா?

உள்ளூர் கம்பெனி என்றால் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் ‘கிராஜுவேட்டட்’ என்று போடுங்கள். அங்கே பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது.

தென்காசி: அப்படியானால் சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பாசிங் அவுட் பரேடு நடக்கிறதே சார்?

நடக்கிறது. அது பிரிட்டிஷ் ராணுவ வழக்கு. பயிற்சி முடித்து வெளியேறுவதைக் குறிக்கும். கல்லூரிப் படிப்புக்கு அங்கே அப்படிச் சொல்வதில்லை.

பேட்டை: நம் நாட்டில் இத்தனை பேர் பேசினால் அதுவும் ஆங்கிலம்தானே அண்ணாச்சி? குறித்த நாளுக்கு முன்னதாக வைப்பதை நாம் ப்ரீபோன் என்கிறோமே, அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டதே!

ஏறிவிட்டது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். இந்திய ஆங்கிலம் மட்டமானது என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ஜங்ஷனில் இருக்கும் அலுவலகத்துக்கு எழுதும்போது பாஸ்டு அவுட் என்று தாராளமாக எழுதுங்கள். லண்டனில் இருப்பவர் படிக்கப் போகிறார் என்றால் அவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். வேலை கேட்பது நாம், படித்து முடிவெடுப்பது அவர்.

தென்காசி: அவர்கள் நம் வழக்கைக் கற்றுக்கொள்ளட்டுமே?

கற்றுக்கொள்ளட்டும். அதுவரை நாங்குநேரித் தம்பியின் ரெஸ்யூம் காத்திருக்க முடியாது.

ராதாபுரம்: கோப் அப் வித்?

சமாளிப்பது என்றால் கோப் வித். அப் வேண்டாம். டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட்டும் வேண்டாம்.

கடையம்: புட் ஆஃப், புட் அப் வித், புட் அவுட். மூன்றுக்கும் அர்த்தம் மட்டும் போதும்.

தள்ளிப்போடு, சகித்துக்கொள், தீயை அணை. அர்த்தம் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் நீங்களே எழுதுங்கள்.

களக்காடு: கொட்டும் மழையை ஏன் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்கிறார்கள்?

கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்தன என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. இதையொத்த வழக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இன்று பேச்சில் குறைவு. ‘ரெய்னிங் ஹெவிலி’ போதும்.

பாபநாசம்: முக்கியமான ஐம்பது மட்டும் பட்டியலாக...

சங்கரன்கோவிலுக்குச் சொன்னதுதான்.

சேரன்மகாதேவி: மெயில் முடிவில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ சரியா அண்ணாச்சி?

ஹியரிங் என்று மாற்றுங்கள் தங்கச்சி. அந்த ‘டு’ லுக் ஃபார்வர்டோடு ஒட்டியது. அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ சேர்ந்த சொல்லோதான் வரும். திருத்திவிட்டு இன்றைக்கே அனுப்புங்கள்.