கோடையில் விடிய நடக்கப் போகும்போது ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கலாமா, பறவைச் சத்தமே போதுமா?

நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ பூங்காவைச் சுற்றி நடப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பாட்டைக் கேளுங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் லீவுக்கு வன்னிக்கு வந்து குளக்கட்டில் நடக்கப் போகிறீர்கள் என்றால் ஹெட்செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நான் முத்தையன்கட்டுப் பக்கம். வைகாசி, ஆனியில் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவேன். பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். பாலை மரங்கள் இரையத் தொடங்கினால் தலைக்கு மேலே இருக்கிற குருவியின் குரல்கூடப் பிடிபடாது.

மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு ஆனி மாதம், கட்டு வளைகிற இடத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்தத் தொடங்கியது. வழமையாக என்னைக் கண்டுதான் கத்தும், என் தலைக்கு மேலேதான் சுற்றும். அன்று என்னைக் கவனிக்கவே இல்லை. முன்னால் இருந்த பற்றைக்கு மேலே ஏறியும் இறங்கியும் கத்திக்கொண்டு நின்றது. "அது கத்துற இடத்தைப் பார், பிறகு காலை வை" என்று ஐயா சின்ன வயசில் சொல்லித் தந்தது. நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கொப்பு முறிகிற சத்தம். தனியன் யானை ஒன்று கட்டில் ஏறி, அந்தப் பக்கம் தண்ணிக்கு இறங்கியது. எனக்கும் அதற்கும் இடையில் நாற்பது யார் தூரம்கூட இருக்காது. யானைக்கதை விடுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். இங்கே தோட்டம் செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் காதுகள் போர் நடந்த 2008, 2009இல் வேறு சத்தங்களுக்குப் பழகியிருந்தன. 'வண்டு' என்று நாங்கள் சொன்ன ஆளில்லா விமானத்தின் இரைச்சல் மேலே கேட்டால் வேறொன்றும் காதில் ஏறாது. 2010இல் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் படுத்தபோது ஊரில் ஒரு வீட்டிலும் சேவல் இல்லை. விடிகிறதைக் காட்டுக்கோழிதான் சொன்னது. வீட்டுச் சேவல் மாதிரி நீட்டாது, வெட்டி வெட்டிக் கூவும். இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் அது. இப்போது எங்களிடம் இரண்டு சேவல் நிற்கிறது, அம்மா இன்னமும் காட்டுக்கோழி கூவினால்தான் எழும்புவா.

குயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டுக்காரர் பெண்ணாக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் விடிய விடியக் கூவுகிறது கறுப்பு ஆண் குயில்தான். புள்ளி விழுந்த மண்ணிறப் பெண் குயில் 'கெக் கெக்' என்றுதான் கத்தும். ஆறுமணிக்குருவியைக் கோடையில் தேட வேண்டாம். அது மாரிக்கு இந்தியாவிலிருந்து வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நாலு மணிக்கே மணல் டிப்பர்கள் வாய்க்கால் வீதியால் ஓடுகின்றன. புலுனிக் குருவிக் கூட்டம் கலகலக்கிற நேரம் முழுக்க இந்த இரைச்சலும் புழுதியும்தான். வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் இடிந்து கிடக்கிறது. வீடு கட்ட மணல் வேண்டும்தான், எனக்கும் வீட்டுத்திட்டத்தில்தான் வீடு கிடைத்தது. ஆனால் இரவில், அனுமதி இல்லாமல் ஏன்? எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்கு எட்டு மாதமாகப் பதில் இல்லை.

அந்த வீதி ஓரத்துக் கிரவலில்தான் இந்த முறை ஆட்காட்டி முட்டை போட்டிருக்கிறது. நாலு முட்டை. கிரவல் கல்லின் நிறம், குனிந்து பார்த்தாலும் தெரியாது. சுற்றிவர நாலு பனைமட்டை நட்டு, சிவப்புச் சீலைத் துண்டு ஒன்றும் கட்டிவிட்டிருக்கிறேன். நேற்று விடியப் போனபோது நாலும் இருந்தன. தாய் என் தலைக்கு மேலேதான் கத்தியது.