பறவை பார்க்க ஊட்டிக்குத்தான் போகணுமா, மதுரைப் பக்கமே இடம் இருக்கா?

ஊட்டி தாவரவியல் பூங்கா மாதிரி மரமும் நிழலும் பறவையுமாக, ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்ப மதுரைப் பக்கம் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஊட்டியில் கிடைப்பது குளிர்மலைப் பறவைகள். நம்ம வெக்கைக்குப் பழகிய பறவைகளுக்கு அழகர்கோவில் போதும். ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஒன்றே ஒன்று: நடக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் விடிந்ததும் விறுவிறுவென்று மலைமேல் இருக்கும் நூபுர கங்கைச் சுனை வரை ஏறிவிட்டு, "குரங்குதான் இருக்கு" என்று இறங்கி வருவார்கள். அடிவாரத்திலேயே பழுத்த ஆலமரமோ அரசமரமோ தேடி, வெயில் முதுகில் படுகிற மாதிரி உட்கார்ந்துவிடுங்கள். எல்லா ஆலமரமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஒன்று காயாக நிற்கும், இன்னொன்று செக்கச்செவேலென்று இருக்கும். பந்தி அங்கேதான். குயில், மைனா, கொண்டைக்குருவி, இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும் பச்சைப்புறா எல்லாம் வரும். பனிக்காலத்தில் சோளக்குருவிக் கூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்தில் பேசுவதே கேட்காது.

எனக்குப் பிடித்தது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. 'குக் குக் குக்' என்று விடாமல் கூப்பிடும், ஆனால் அலகைத் திறக்காது! தொண்டைத் தோல் புடைத்துப் புடைத்து அடங்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும் வால் ஒரு வெட்டு வெட்டும். தலையைத் திருப்பிக்கொண்டே கூப்பிடுவதால் எந்தக் கிளை என்று பிடிபடாது. பட்டுப்போன கிளையைக் கொத்தித்தான் பொந்து போடும். வாசல் பெரும்பாலும் கிளையின் அடிப்பக்கம். அழகு பார்க்கிறோம் என்று காய்ந்த கிளையையெல்லாம் வெட்டிவிடும் பூங்காவில் இது எங்கே குடியிருக்கும்? (கத்தரித்த பூங்காக்கள் எனக்குப் பிடிக்காததற்கு இது போதும்.)

பைனாகுலரோடு உட்கார்ந்தால் விசாரணை வரும். "என்ன தம்பி, தேன்கூடா?" என்றார் பூக்கட்டும் அக்கா ஒருவர். ஆறுமணிக்குருவி படத்தைக் காட்டினேன். "இதா? அந்தப் பொதருக்குள்ள எலையப் பொரட்டிக்கிட்டுத் தத்திக்கிட்டு கெடக்குமே" என்றார். போய்ப் பார்த்தால் அங்கேதான் நின்றது: பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இருக்கா இல்லையா என்கிற அளவுக்கு வால், அதற்கடியில் ரத்தச் சிவப்பு. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது, அதனால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத் தேடினால் பாதி வேலை மிச்சம்.

வெயில் ஏறிய பிறகும் தெம்பிருந்தால் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு வண்டியை விடுங்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவித்த இடம். பாறைக்குன்றுகளில் வல்லூறுகள் இருக்கின்றன. சூடு ஏறி காற்று மேலெழும்பினால்தான் பெரிய கழுகுகள் வட்டமடிக்கும், அதனால் தாமதமாகப் போனாலும் நஷ்டமில்லை.

8 மடங்கு பைனாகுலர் போதும். இட்லிப் பொட்டலத்தை மட்டும் அழகர்கோவிலில் வெளியே எடுக்காதீர்கள், குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும்.