நெடுந்தீவில் ஒரு நாள் இலவசக் கண் முகாம் நடத்த என்னென்ன ஆயத்தம் வேண்டும்?

ஒக்ரோபரில் உலகப் பார்வை தினத்தோடு சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் ஒரு நாள் முகாம் வைக்கப் போகிறோம், 500 பழைய மூக்குக்கண்ணாடி சேர்த்து வைத்திருக்கிறோம், வேறு என்ன அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கம் என்று விளங்குகிறது. நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் பெட்டியை அனுப்பாதீர்கள். திகதியையும் மாற்றுங்கள்.

முதலில் திகதி. உலகப் பார்வை தினம் ஒக்ரோபர் இரண்டாம் வியாழன். அன்று வெண்புரை (கண்ணின் வில்லை மங்கிப்போவது) என்று கண்டுபிடிக்கும் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்க எப்படியும் நவம்பர் ஆகிவிடும். வெட்டிய பிறகு அடுத்த நாள், ஒரு கிழமையில், ஒரு மாதத்தில் என்று குறைந்தது மூன்று தரம் கண்ணைக் காட்ட வேண்டும். அந்த மூன்றும் மாரி மழைக்குள்தான் விழும். கண்ணில் கட்டோடு இருக்கும் 70 வயது அம்மா, படகு ஓடாத நாளில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு எப்படி வருவா? வைகாசி தொடங்கிச் சோளகக் காற்றுக் கிளம்பிவிடும், அதுவும் சரிவராது. மாசிக் கடைசியில் இருந்து சித்திரை வரைதான் கடல் ஓரளவு இடம் கொடுக்கும். அதற்குள்ளும் கச்சதீவுத் திருவிழா நாட்களைத் தள்ளி வையுங்கள், படகுகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். சத்திரசிகிச்சைத் திகதியையும் ஒரு மாதத்துக்குப் பிந்திய பரிசோதனையையும் முதலில் எழுதி, அதில் இருந்து பின்னுக்கு எண்ணித்தான் முகாம் நாளைப் பிடிக்க வேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலும் யாழ் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவிலும் பேசாமல் மண்டபம் பதியவே கூடாது.

அடுத்தது நேரம். காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்பினால், மேசை கதிரை போட்டு எடுத்த பிறகு வேலைக்குக் கிடைப்பது நாலு மணித்தியாலம். பார்வை அட்டை காட்டிப் பார்க்க ஒருவருக்கு 3 நிமிடம் போதும். கண்ணாடிக்கு அளவு எடுக்க 8 நிமிடமாவது வேண்டும். அளவெடுப்பவர் ஒருவர்தான் என்றால் நாலு மணித்தியாலத்தில் 30 பேர், அவ்வளவுதான். 300 பேரைக் கூப்பிட்டு வைத்தால் 270 பேர் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

அதனால் ஆட்களைச் சலித்துப் பிரிக்கிற வேலை இரண்டு கிழமைக்கு முன்பே ஊருக்குள் முடிய வேண்டும். கிராம சேவையாளர், குடும்பநல உத்தியோகத்தர், ஓரளவு பொறுமையுள்ள பத்துத் தொண்டர்கள் போதும். ஒவ்வொருவரிடமும் ஆங்கில 'E' எழுத்து நாலு பக்கமும் திரும்பி இருக்கும் அட்டை ஒன்று (எழுத வாசிக்கத் தெரியாதவரும் கை காட்டிச் சொல்லலாம்), சரியாக 6 மீற்றரில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று. காலடியால் அளந்தால் பிழைக்கும். அட்டையில் வெளிச்சம் விழ வேண்டும், பார்ப்பவரின் முகத்தில் வெயில் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பாருங்கள். மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடைவெளியால் தெரியும், அழுத்தி மூடினால் அந்தக் கண்ணைத் திறந்ததும் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும். 6/18 வரியில் (நல்ல கண் 18 மீற்றரில் இருந்தே வாசிக்கும் அளவு எழுத்து) ஐந்துக்கு நாலு சரியாகச் சொல்லாதவரைப் பட்டியலில் போடுங்கள். சீனி வருத்தக்காரரை மட்டும் பார்வை நன்றாக இருந்தாலும் போடுங்கள். அவர்களின் விழித்திரையை வருடத்துக்கு ஒரு தரம் பார்க்கத்தான் வேண்டும், பார்வை குறைந்த பிறகு பார்த்தால் பிந்திவிடும்.

"இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறேன்" என்று சந்தோசமாகச் சொல்லும் முதியவர்களை விட்டுவிடாதீர்கள். இத்தனை நாளும் கண்ணாடி போட்டவருக்கு அது திடீரென்று தேவையில்லாமல் போனால், பெரும்பாலும் உள்ளே வில்லை இறுகி வெண்புரை தொடங்குகிறது என்று அர்த்தம். கிட்டப் பார்வை திரும்பும், தூரப் பார்வை போய்க்கொண்டிருக்கும்.

முகாம் நாளில் வரிசை முக்கியம். பார்வை குறைந்தவருக்கு முதலில் ஒரு மில்லிமீற்றரைவிடச் சற்றுப் பெரிய துளை போட்ட அட்டையைப் பிடியுங்கள். கை நடுங்குபவர்களுக்குப் பல துளை போட்டது நல்லது. துளையால் தெளிவாகத் தெரிந்தால் கண்ணாடி மேசைக்கு, தெரியாவிட்டால் வைத்தியரிடம். பிறகு டோர்ச். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று, அதை விரிக்கும் துளி மருந்து விடுவதற்கு முன்பே பார்த்து எழுத வேண்டும், விட்ட பிறகு அதைப் பார்க்கவே முடியாது. டோர்ச்சைக் காதுப்பக்கமாகப் பிடிக்கும்போது மூக்குப்பக்கத்துக் கருவிழிப் படலம் (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையம்) நிழலில் கிடந்தால் கண்ணின் முன்னறை ஆழம் குறைவு. அந்தக் கண்ணுக்குக் கண்மணி விரிக்கும் துளியைத் தீவில் வைத்து விட வேண்டாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் அடுத்த படகு வரும்வரை செய்ய ஒன்றும் இல்லை. துளி வேலை செய்ய அரை மணித்தியாலம் போகும், அதன்பின் சில மணித்தியாலம் கண் கூசும். பகல் 12 மணிக்குப் பிறகு ஒருவருக்கும் விடாமல் இருப்பது நல்லது. விட்ட கண்ணுக்கு மேலே சின்னப் பிளாஸ்டர் ஒட்டி நேரம் எழுதுங்கள்.

இருட்டறைக்கு வகுப்பறை யன்னல்களில் கறுப்புப் பொலித்தீன் அடித்தால் போதும். கரண்டை நம்பிப் பெரிய மெசின் கொண்டுபோகாதீர்கள். பரிசோதனை வில்லைப் பெட்டியும் கையில் பிடிக்கும் கருவியும் பற்றறியும் அதே வேலையைச் செய்யும், கடலில் ஆடினாலும் கெடாது. வில்லைகளில் உப்புப் படியும், துடைக்கத் துணி வேண்டும்.

இனிக் கண்ணாடி. உங்கள் மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கண்ணாடி என்பது இன்னொருவரின் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறாக வெட்டியது. வில்லையின் அச்சு வேறு, கண்மணிகளுக்கு இடையிலான தூரம் வேறு. ஒவ்வொன்றையும் அளந்து, கீறல் பார்த்து, பொருந்தும் ஆளைத் தேடும் நேரத்தில் புதிதாகவே செய்து கொடுத்துவிடலாம். பொருந்தாததைப் போட்டால் தலையிடி வரும், கண்ணாடி பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பதிலாகப் புதிய வாசிப்புக் கண்ணாடி வாங்குங்கள். நூறு வாங்கினால் வில்லையின் வலுப்படி +1.00 பத்து, +1.50 இருபது, +2.00 முப்பது, +2.50 இருபத்தைந்து, +3.00 பதினைந்து என்று பிரிக்கலாம். தூரப் பார்வைக்கு அன்றே கொடுக்க முடியாது. அளவெடுத்து, யாழ்ப்பாணத்தில் வெட்டி, மூன்று கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தர் கையில் சேர்ப்பிக்கக் காசு ஒதுக்குங்கள்.

வாசிப்புக் கண்ணாடி கொடுக்கும்போது 40 சென்ரிமீற்றரில் அட்டை காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வலை பொத்துபவர் நிலத்தில் இருந்து கால் விரலில் வலையை மாட்டி வேலை செய்கிறார், அவருக்குத் தூரம் அரை மீற்றருக்கு மேல். வயதுக்குச் சொல்லும் அளவில் 0.50 குறைத்துக் கொடுத்தால்தான் கண்ணி தெரியும். ஒரு துண்டு வலையும் நூலும் மேசையில் இருக்கட்டும், ஓலை பின்னும் பெண்களுக்கு ஒரு ஈர்க்கும் சார்வோலையும்.

கடற்றொழிலாளருக்குக் கண் மூலையில் வளரும் சதையை வெண்புரை என்று எழுதிவிடும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அது கண்மணிப் பக்கம் ஏறினால் மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும்.

வெண்புரைக்காரரைப் படகில் ஏற்றுவதற்கு முன் தீவிலேயே பார்க்கக் கூடியவை: பிறசர், சீனி, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று நாலு பக்கமும் சொல்கிறாரா (சொல்லாவிட்டால் வெட்டியும் பார்வை திரும்புவது சந்தேகம்), மூக்கோரக் கண்மூலையை அழுத்தினால் சீழ் வருகிறதா. சீழ் இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய கண்ணுக்குள் கிருமி போகும். சலம் போகக் கஷ்டத்துக்குக் குளிசை எடுக்கும் ஆண்களின் குளிசைப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அதில் ஒரு வகை, வெட்டும்போது கருவிழிப் படலத்தைத் தளர்த்திவிடும். இதைப் பாராமல் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பலர் வெட்டாமலே திரும்பி வருவார்கள். தீவில் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து வெட்டலாமா என்று யாரும் கேட்டால், வேண்டாம்.

சனம் வராததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. ஆடு மாட்டை யார் பார்ப்பது, கூட யார் வருவது, யாழ்ப்பாணத்தில் எங்கே தங்குவது? பழைய கண்ணாடிக்குச் செலவழிக்கும் தபால் காசில் ஒருவரையும் துணைக்கு ஒருவரையும் ஒரு கிழமை தங்க வைக்கலாம். முதல் கிழமைப் பரிசோதனை முடித்து அனுப்பினால் பாதிப் பயம் தீரும்.

முகாமில் எல்லாருக்கும் ஒரு துளிப் போத்தல் கொடுத்து அனுப்பும் வழக்கத்தையும் விடுங்கள். ஸ்டீராய்ட் கலந்த துளியைத் தொடர்ந்து விட்டுக் கண் அழுத்தம் கூடிப் பார்வை இழப்பவர்கள் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுப்பது வேறு, அது சில கிழமைகளுக்குப் படிப்படியாகக் குறைத்து விடுவது. அதை எப்படி விடுவது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள்! கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். இன்றைக்கு ஒரு கிழவி தன் கண்ணுக்கு எத்தனை தரம் மருந்து விட வேண்டும் என்பதை வாசிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பது தெரியும், அவர்களைச் சாடவில்லை. அந்தத் துண்டைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிப்பது சங்கம் செய்யக் கூடிய வேலை. போத்தலுக்குச் சிவப்பு, பச்சை நாடா சுற்றி, துண்டில் அதே நிறத்தில் நேரத்துக்கு ஒரு புள்ளி. "வலி, சிவப்பு, பார்வை குறைவு, இதில் ஒன்று வந்தாலும் அன்றே வாருங்கள்" என்று அடியில் தடித்த எழுத்தில்.

கடைசியாகப் பதிவுக் கொப்பி. பெயருக்குப் பக்கத்தில் பார்வை, அனுப்பிய திகதி, வெட்டிய திகதி, ஒரு மாதத்தின் பின் பார்வை என்று நிரல்கள் போடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் பெயர்களைக் கிராம சேவையாளரிடம் கொடுத்து வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். கொப்பி ஒன்று நெடுந்தீவு வைத்தியசாலையில் இருக்க வேண்டும், சங்கத்தோடு போய்விடக் கூடாது.