தூத்துக்குடியிலிருந்து எண்ணூருக்கு பார்ஜ்: எந்த டக் சரி?

கேள்வி: 60 மீட்டர் நீள டெக் பார்ஜ் (எஞ்சின் இல்லாத தட்டைக் கலம்) ஒன்றை, மேலே கிராலர் கிரேனோடு (டிராக்கில் நகரும் கிரேன்), தூத்துக்குடியிலிருந்து எண்ணூருக்குக் கொண்டுபோக வேண்டும். கடல்சார் சேவை நிறுவனம் ஒன்று தன்னிடமுள்ள டக்குகளில் (இழுவைப் படகுகளில்) இரண்டைக் காட்டுகிறது: 40 டன் இழுவிசை கொண்ட ஏ.எஸ்.டி. (பின்பக்கம் சுழலும் புரொப்பல்லர் கொண்ட) ஹார்பர் டக், 30 டன் கொண்ட பழைய இரட்டை புரொப்பல்லர் கடல் டக். வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது?

பதில்: 30 டன் டக்கை எடுங்கள். ஆனால் அந்த 30 டன் எந்த ஆண்டுச் சோதனையில் கிடைத்தது என்று பொல்லார்ட் புல் (நின்ற நிலையில் அளந்த இழுவிசை) சான்றிதழை வாங்கிப் பாருங்கள். எஞ்சின் தேய்ந்தால் இழுவிசையும் குறையும். குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஹார்பர் டக்குகளில் பெரும்பாலும் முக்கிய வின்ச் (வடம் சுற்றும் உருளை) முன்பக்கம்தான். அதில் சுற்றியிருப்பது மிதக்கும் ஃபைபர் வடம், நீளமும் குறைவு. கப்பலைத் துறையில் கட்ட அதைவிட நல்லது இல்லை. திறந்த கடலில் கதை வேறு: அலை தூக்கும்போது டக்கும் பார்ஜும் விலகும், அந்த உதறலைத் தாங்கும் தொய்வு அந்த வடத்துக்குக் கிடையாது, அறுந்துவிடும். கடல் டக்கின் பின் வின்சில் 500, 600 மீட்டர் எஃகு வயர் இருக்கும். அது தன் எடையிலேயே நீருக்குள் தொங்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும். 30 டன் டக்குக்கு வயரின் அறுபடு வலிமை 90 டன்னாவது இருக்கட்டும். நல்ல நிலையிலுள்ள 40 மி.மீ. வயர் இதற்குப் போதும்.

பாம்பன் கால்வாய் ஆழம் குறைந்தது. இப்படியொரு சுமையை அதற்குள் கொண்டுபோக எண்ண வேண்டாம். இலங்கையைச் சுற்றினால் 750 கடல் மைலுக்கு மேல். 4.5 நாட் (மணிக்கு 4.5 கடல் மைல்) வேகத்தில் ஏழு நாள். நாளுக்கு 7, 8 டன் டீசல் என்றால் இருப்போடு சேர்த்து 70 டன் ஏற்ற வேண்டும். டேங்க் கொள்ளளவைக் கேளுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூனில் கச்சான் (தென்மேற்குப் பருவக் காற்று) பிடித்துவிட்டால் மன்னார் வளைகுடாவில் பார்ஜ் நிலைகொள்ளாது. அக்டோபருக்குப் பின் வாடையும் புயலும்.

இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திர முனைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதை. இழுவை நீளம் 200 மீட்டருக்கு மேல் என்பதால் இரவில் டக்கின் கம்பத்தில் மூன்று வெள்ளை விளக்குகள், பின்விளக்குக்கு மேலே மஞ்சள் விளக்கு, பார்ஜிலும் பக்க, பின் விளக்குகள் எரிய வேண்டும். பார்ஜ் விளக்குக்கு ஏழு இரவு தாங்கும் பேட்டரி வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பார்ஜ் பின்பக்கம் 40, 50 செ.மீ. தாழ்ந்து மிதந்தால் நேராக வரும். முன்பக்கம் தாழ்ந்தால் இடமும் வலமுமாக அலையும். எல்லா மேன்ஹோல் கேஸ்கெட்டையும் மாற்றி, ஒவ்வொரு டேங்கிலும் நீர் இருக்கிறதா என்று அளந்து எழுதி வையுங்கள். கிரேனின் பூமைத் தாழ்த்திக் கட்டுங்கள். சங்கிலி மட்டும் போதாது, ஆட ஆடத் தளரும். டிராக்கின் நாலு பக்கமும் டெக்கின் ஃபிரேம் மேல் ஸ்டாப்பர் வெல்டு செய்யுங்கள். முன் இரு மூலைகளிலிருந்து வந்து இழுவை வயரோடு சேரும் பிரைடில், ஃபேர்லீடில் (வடத்தை வழிநடத்தும் வளையம்) உராயும் இடமெல்லாம் சங்கிலியாக இருக்கட்டும். அவசர வடம் ஒன்று, நுனியில் மிதவையோடு, பின்னால் மிதந்து வர வேண்டும். முதல் வயர் அறுந்தால் ஆள் பார்ஜில் ஏறாமல் அதைப் பிடிக்கலாம்.

டக்கில் பின்பக்கம் உராயும் வயரை ஒவ்வொரு வாட்ச்சிலும் (காவல் முறையிலும்) ஓரிரு மீட்டர் விட்டு இடம் மாற்றச் சொல்லுங்கள். வயர் பக்கவாட்டுக்கு வந்தால் டக்கையே கவிழ்த்துவிடும். அதைப் பின்பக்கமே அழுத்திப் பிடிக்கும் காக் வயர் இல்லாத டக்கை அனுப்பாதீர்கள்.

இழுவை ஒப்பந்தத்துக்கு இரண்டு பொதுப் படிவங்கள்: டவ்கான் என்றால் மொத்தத் தொகை, டவ்ஹையர் என்றால் நாள் வாடகை. நாள் வாடகையில் வானிலைத் தாமதம் உங்கள் தலையில் விழும். இரண்டிலும் பார்ஜுக்கும் கிரேனுக்கும் வரும் சேதம், தவறு டக்கினுடையதாக இருந்தாலும், பொதுவாக உங்களுடையதுதான். ஆகவே கையெழுத்துக்கு முன் காப்பீட்டாரிடம் பேசுங்கள்; அவர் கேட்கும் வாரண்டி சர்வேயர் (காப்பீட்டுக்காக ஏற்பாடுகளைச் சோதிப்பவர்) பார்ஜைப் பார்த்து ஒப்புதல் எழுதாமல் வயரைக் கட்டக் கூடாது.