பெட்டியைத் திறக்கவே பயமா? ஸ்கேல் கார் மாடல்: கேள்வி பதில்

முதல் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாகங்களை வெட்டிச் சேர்த்து நாமே செய்கிற பிளாஸ்டிக் கார் கிட் மட்டும்தான் இங்கே. 1/24 என்றால் நிஜ வண்டியின் நீளத்தில் 24-இல் ஒரு பங்கு. ரிமோட்டில் ஓடும் ஆர்சி கார் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு உலகம்.

கேள்வி (கோவை): அண்ணா, ஆசைப்பட்டு டாமியா கம்பெனியோட 1/24 ஸ்போர்ட்ஸ் கார் கிட் ஒண்ணு வாங்கி ஆறு மாசமாச்சு. அப்பப்போ பெட்டியைத் திறந்து பார்ப்பேன், மூடி வச்சிடுவேன். கெடுத்துடுவேனோன்னு பயம். இது எப்படிப் போகும்?

பதில்: தம்பி, எதைக் கெடுத்துவிடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். பெயின்ட் வழிந்தால் காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். பிடிக்கவே இல்லையென்றால் மொத்தமாக உரிக்கலாம். வெட்டும்போது குழி விழுந்தால் பட்டி பார்க்கலாம். பாகம் கோணலாக உட்கார்ந்தால் பசை இறுகுவதற்குள் பிரித்து எடுக்கலாம். இப்படிக் கணக்குப் போட்டால், திரும்பவே முடியாத சேதம் மூன்றே மூன்றுதான் மிஞ்சும்: கண்ணாடிப் பாகத்தில் பசை, குரோம் பூச்சு உரிவது, ஹார்டுவேர் கடை என்சி தின்னர் (பெயின்ட் கரைக்கிற காட்டமான திரவம்) பட்டு பாடி உருகுவது. பயப்படுவதென்றால் இந்த மூன்றுக்கு மட்டும் பயப்படுங்கள்.

அதற்காக அந்தக் கிட்டில் இன்றைக்கே கை வைக்கச் சொல்லவில்லை. மனசுக்குப் பிடித்த வண்டி முதல் வண்டியாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆவோஷிமா கம்பெனியின் 1/32 ஸ்நாப் கிட் வரிசையில் சுசுகி ஜிம்னி இருக்கிறது. பாகங்கள் வண்டியின் நிறத்திலேயே வார்க்கப்பட்டவை, பசை வேண்டாம், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். நிஜ வண்டி 3,395 மி.மீ. நீளம் என்பதால் கையில் வருவது பத்தரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெட்டுவது, தேய்ப்பது, வரிசை பார்த்து மாட்டுவது எல்லாம் இதிலேயே பழகிவிடும். ரெவெல் கம்பெனியின் ஈஸி-கிளிக் கிட்களும் இதே ரகம்தான்.

கேள்வி (திருச்சி): பசை போட்டு ஒட்டுற கிட்டே வேணும்னா எது சார்? 1/24, 1/25 ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: எஞ்சின் இல்லாத கிட்டாகப் பாருங்கள். பானெட் திறக்கிற கிட் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பாதி வேலையில் பெட்டிக்குள் திரும்பிப் போகிற கிட்களில் அதுதான் அதிகம். டாமியாவின் மாஸ்டா எம்எக்ஸ்-5 (புதிய மாடல்) என் சிபாரிசு. பாகங்கள் பொருந்துவதில் சண்டை போடாது. கூரை திறந்த வண்டி என்பதால் உள்ளே சீட், டேஷ்போர்டில் செய்த வேலையும் வெளியே தெரியும்.

1/24 பெரும்பாலும் ஜப்பான், ஐரோப்பியக் கம்பெனிகளின் அளவு. 1/25 அமெரிக்க வழக்கம். எம்எக்ஸ்-5 நிஜத்தில் 3,915 மி.மீ.; 1/24-இல் 163, 1/25-இல் 157. அலமாரியில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

கேள்வி (சேலம்): யூடியூப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் போட்டேன். ஏர்பிரஷ், கம்ப்ரஸர் சேர்த்தால் கிட் விலையை விடப் பல மடங்கு வருது. தேவையா?

பதில்: தேவையில்லை. நல்ல நிப்பர் (பாகங்களை வெட்டும் சின்னக் கட்டர்) ஒன்று, பிளேடு மாற்றக்கூடிய கத்தி, மாஸ்கிங் டேப், மெல்லிய பசை, ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்திலும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்). இவற்றில் காசு போட வேண்டியது நிப்பரில் மட்டும். கம்ப்ரஸர் வாங்கிய பிறகு கிட்டைத் தொடாதவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை): பாகங்கள் கோர்த்திருக்கிற பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து பாகத்தை வெட்டும்போது வெள்ளையாத் தழும்பு விழுது. சில இடத்துல பாகமே பிய்ஞ்சு வருது.

பதில்: ஒரே வெட்டில் பாகத்தை ஒட்டி வெட்டுகிறீர்கள். இரண்டு வெட்டாகப் போடுங்கள். முதல் வெட்டு ஃபிரேம் பக்கம், இரண்டு மூன்று மி.மீ. தள்ளி. பாகம் தனியாகக் கைக்கு வந்த பிறகு, நிப்பரின் தட்டையான முகம் பாகத்தைப் பார்க்கும்படி பிடித்து, ஒரு மி.மீ.க்கும் குறைவாக மிச்சம் விட்டு இரண்டாவது வெட்டு. அந்த மிச்சத்தைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவுங்கள், அழுத்தாதீர்கள். பிறகு 600, அதற்கு மேல் 1000. பிளாஸ்டிக் இழுபட்டு நெளிவதால்தான் வெள்ளைத் தழும்பு விழுகிறது. பெயின்ட் அடிக்கிற பாகத்தில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், மறைந்துவிடும். பெயின்ட் அடிக்காத ஸ்நாப் கிட்டில்தான் இந்தப் பொறுமை அவசியம்.

இன்னொன்று. பாடியின் பம்பர், ஃபெண்டர் ஓரங்களில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அது டிசைன் இல்லை, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். பெயின்ட் அடித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். விரல் நகத்தால் தடவிக் கண்டுபிடித்து முன்பே தேய்த்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பசை வழிஞ்சு பாடி மேல என் கைரேகையே பதிஞ்சிடுச்சு. போச்சா?

பதில்: போகவில்லை. ஆனால் இப்போது தொடாதீர்கள். இந்தப் பசை ஒட்டுகிற பொருள் இல்லை, பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்க்கிற திரவம். அந்த இடம் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு, 600-இல் தேய்த்தால் ரேகை போய்விடும்.

அடுத்த முறை இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடித்துவிட்டு, மெல்லிய பசையைப் பிரஷ் நுனியால் இடுக்கில் தொடுங்கள். தானாக ஓடிப் பரவும். விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது, விரலுக்கும் சேர்த்தே ஓடும். குரோம் பாகத்தில் மட்டும் ஒட்டுகிற இடத்துப் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் பசை. பூச்சின் மேல் அது பிடிக்காது.

கேள்வி (சென்னை): அண்ணா, ஸ்ப்ரே கேன் வாங்கி மொட்டை மாடியில கறுப்பு அடிச்சேன். காஞ்சதும் பால் ஊத்தின மாதிரி மங்கலாயிடுச்சு. கேன் டூப்ளிகேட்டா? கை நடுங்குது, இனிமே அடிக்கவே பயமா இருக்கு.

பதில்: எந்த மாதம் அடித்தீர்கள்? ஐப்பசி, கார்த்திகை என்றால் கேன் மேல் பழி போடாதீர்கள். லாக்கர் பெயின்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது பெயின்டின் மேலேயே படிந்து மங்கலடிக்கும். சென்னைக்காரர்கள், கடற்கரை ஊர்க்காரர்கள் பத்து ரூபாய் குறைவான பெயின்ட் தேடுவதற்குப் பதில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கிவிடலாம். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்குச் சேஸிஸ் (சக்கரம் மாட்டும் அடிப்பாகம்) வேலை பாருங்கள். மழை இல்லாத நாளில், வெயில் ஏறிய முற்பகல் நல்ல நேரம். அதிகாலையும் சாயங்காலமும் வேண்டாம். மங்கின பாடியை வறண்ட நாளில் லேசாகத் தேய்த்து மறுபடி மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி முறை. அடிப்பதற்கு முதல் நாள் பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருக்கலாம். காலி வாசனை ஸ்ப்ரே டப்பாவின் தலையில் டபுள் சைடு டேப் ஒட்டி, அதன் மேல் பாடியைக் கவிழ்க்காமல் உட்கார வையுங்கள். அதுவே கைப்பிடி. கேனை நன்றாக, ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். ஏறக்குறைய 20 செ.மீ. தூரம். பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாடியைத் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். வண்டியின் மேலேயே ஆரம்பித்து மேலேயே நிறுத்துகிறவர்களுக்குத்தான் சொட்டு விழுகிறது.

முதல் கோட் அடித்ததும் “இது போதாதே” என்று தோன்ற வேண்டும், அடியில் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்களின் கை அவசரப்படுகிறது. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மறுபடி விட்டு மூன்றாவது. மூன்றாவதில்தான் ஈரப் பளபளப்பு வரும்படி கொஞ்சம் தாராளம். முடிந்ததும் பிளாஸ்டிக் டப்பாவால் மூடுங்கள். வீட்டுக்குள் என்றால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்; கரைப்பான் ஆவி தடுக்கிற மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மூக்கைக் கிட்டே கொண்டு போங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

கை நடுக்கத்துக்கு மருந்து, பாடியில் அடிப்பதற்கு முன் வேறெதிலாவது அடித்துப் பார்ப்பது. முன்பெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கச் சொல்வோம், வளைவு காருக்குப் பக்கத்தில் இருக்கும். 2022 ஜூலை முதல் அதற்குத் தடை. ஐஸ்கிரீம் டப்பா மூடி, கிட்டில் மிஞ்சும் ஃபிரேம் இருக்கவே இருக்கிறது. ஆட்டோமொபைல் கடை டச்-அப் கேன் (நிஜக் காரின் கீறலை மறைக்கும் ஸ்ப்ரே) வாங்கினால் இந்தச் சோதனை கட்டாயம். அதன் கரைப்பான் காட்டமானது, பிரைமர் இல்லாமல் அடித்தால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

கேள்வி (சிங்கப்பூர்): கிட்டின் பாடி சிவப்புப் பிளாஸ்டிக். வெள்ளை அடித்தேன், மறுநாள் ரோஸ் ஆகிவிட்டது.

பதில்: சிவப்புச் சாயம் பெயின்ட் வழியாக மேலேறுகிறது. எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஏறும். சில்வர் ஒரு கோட் அடித்துத் தடுத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை. இல்லையென்றால் சிவப்பு வண்டியாகவே விட்டுவிடுங்கள், அதற்கும் ஒரு அழகு உண்டு.

கேள்வி (வேலூர்): பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்திருக்கு, நடுவுல ஒரு கொசு வேற. உரிச்சிடவா, விட்டுடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். கொசுவை ஈரத்தில் நோண்டாதீர்கள். ஒரு வாரம் காயட்டும். பிறகு 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் கொசுவும் போகும், தோலும் போகும். மங்கலாகத் தெரியும், பதறாதீர்கள். கார் பாலிஷ் காம்பவுண்டு போட்டால் பளபளப்பு திரும்பும். பாடியின் மடிப்பு விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே பெயின்ட் மெல்லிசு, ஒரே தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

ரொம்ப மோசம் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் உரிக்கலாம். முதலில் ஃபிரேம் துண்டில் சோதனை. கண்ணாடி, குரோம் பாகங்களை அதில் போடவே கூடாது. அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, மாமா கனடாவில இருந்து கொண்டு வந்த பழைய கிட் ஒண்டு. டிகால் (தண்ணியில ஊறவைச்சு ஒட்டுற படம்) எல்லாம் மஞ்சளாப் போச்சு. எறியிறதோ?

பதில்: எறியாதீங்கோ. டிகால் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் முகம் வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கோ. நாள் கணக்காகலாம், மஞ்சள் நல்லா வெளுக்கும். பழைய டிகால் தண்ணீரில் உடையக்கூடும். தேவையில்லாத சின்ன எழுத்து ஒன்றை முதலில் ஊறவைத்துப் பாருங்கோ. உடைந்தால், மிச்சத் தாளின் மேல் கிளியர் லாக்கர் மெல்லிசாக அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பாவிக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. ரெண்டு பாகம் உடைஞ்சதும் எனக்கு வராதுப்பான்னு தூக்கி வச்சிட்டான்.

பதில்: சார், எந்தப் பாகம் உடைந்தது என்று பாருங்கள். சைடு மிரர், வைப்பர் என்றால் அது எல்லோருக்கும் உடைகிற பாகம்தான். அவற்றைக் கடைசியில் மாட்ட வேண்டும். பெரியவர்கள் கையிலும் முதலில் மாட்டினால் உடையும். அவனிடம் அதைச் சொல்லுங்கள், அவன் கை மேல் தப்பில்லை என்று தெரியட்டும். நீங்கள் வாங்கி ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள். கத்தி வேலை, ஸ்ப்ரே வேலை மட்டும் நீங்கள். சக்கரம் சுற்றுகிற சேஸிஸை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். தரையில் உருட்டிப் பார்த்துவிட்டால் மிச்சத்தை அவனே கேட்பான்.

கேள்வி (நாகர்கோவில்): முடிச்ச வண்டி கடையில விக்கிற பொம்மை மாதிரியே இருக்கு. மத்தவங்க போட்டோவுல நிஜக் கார் மாதிரி இருக்கே, எப்படி?

பதில்: மூன்று வேலைகள், மூன்றும் சின்ன வேலை. டயரின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400 பேப்பரால் தேய்த்துவிடுங்கள். பளபளப்பு போய் ரோட்டில் ஓடிய டயர் போல ஆகும். கதவு, பானெட் இடுக்குகளில் பேனல் லைன் திரவத்தை (இடுக்குக் கோட்டைக் கறுப்பாக்கும் நீர்த்த பெயின்ட்) ஓடவிட்டு, காய்ந்ததும் எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அடியில் லாக்கர் இருந்தால்தான் இது சரி. அடியில் எனாமல் என்றால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் விரிசல் வரலாம், அங்கே வேண்டாம். மூன்றாவது, கண்ணாடி ஓரத்துக் கறுப்பு ரப்பர் பட்டை. மாஸ்கிங் ஒட்டி உள்பக்கமாகக் கறுப்பு அடியுங்கள். நிஜக் காரில் பெரும்பாலான கண்ணாடிகளின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும். கண் அதைத்தான் தேடும், மனசுக்கு ஏன் என்று தெரியாது.

அந்தக் கண்ணாடியை ஒட்ட ஃபெவிகால் போதும். வழிந்தால் ஈரத்துணியில் போய்விடும், காய்ந்தால் தெரியாது. இன்ஸ்டன்ட் பசையை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே கண்ணாடியில் வெள்ளைப் புகை படியும்.

கேள்வி (புதுச்சேரி): முடித்த மாடலை எங்கே, எப்படி வைப்பது?

பதில்: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, நேர் வெயில் படாத இடம். தூசிக்கு மேக்கப் பிரஷ். டயர் ரப்பர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கை அரிக்கலாம், அதனால் பிளாஸ்டிக் பலகை மேல் வைக்காமல் மரத்தின் மேல் வையுங்கள். பூச்சி வருகிறது என்று பாச்சை உருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். நாப்தலீன் ஆவியில் இந்தப் பிளாஸ்டிக் இளகும்.